கோதடியில் ஒரு நீல ஒட்டு

வாஷிங் மெஷின் கதவைத் திறந்ததும் முதலில் கையில் வந்தது அந்த நீலத் துண்டுதான். தனியாக வந்தது. அதுவரை கோதடியின் ஒரு மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்த துண்டு. பின்னாலேயே கோதடியும் வந்தது, நடுவில் ஒரு முழத்துக்குக் கிழிந்து, உள்ளே இருந்த அடுக்குகளை நாக்கு மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு. நைந்த பருத்திச் சேலைகளை அடுக்கடுக்காக வைத்து, கையாலேயே நெருக்கமாகத் தையல் போட்டுச் செய்கிற போர்வையைத்தான் புனேயில் கோதடி என்கிறார்கள். கையில் அலசிப் போடச் சொல்லிவிட்டுத்தான் என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். மெஷினில் மென்மையான துணிகளுக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. நான் அதை நம்பினேன். ஐம்பது வயதில் மனிதன் எதையாவது நம்பத்தானே வேண்டும்.

கிழிந்தது நம் பொருளாக இருந்தால் மடித்துப் பரணில் போட்டுவிடலாம். இது ஞாயிற்றுக்கிழமை உரியவளிடம் போகவேண்டிய பொருள். போசரியில் நான் வேலை பார்த்த பட்டறையில் தரம் பார்க்க ஒரு சாஹேப் இருந்தார். அங்கே நீலக் கோட்டு போடுகிறவர் அவர் ஒருவர்தான். நான் அந்தப் பட்டறையின் கோமாளி. டீ நேரத்தில் லேத்து ஓட்டுகிறவர்கள் எல்லாம் என்னைச் சுற்றி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சாஹேப் மட்டும் என் ஜோக்கையும் ஒரு உதிரிபாகம் போல மேலும் கீழும் பார்த்துவிட்டு, தேறவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பிசகு இருந்தா இருக்குன்னு சொல்லு, அரம் போட்டு மறைச்சு எடுத்துட்டு வராதே" என்பது அவர் தினமும் சொல்லும் மந்திரம்.

அப்பேர்ப்பட்டவர், மனைவி இறந்த அடுத்த குளிர்காலத்தில், ஒரு நாள் காலை ஔந்தில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு பையை என்னிடம் நீட்டினார். உள்ளே அவர் மனைவி தைத்த கோதடி. இந்தப் பக்கம் காற்று ஜாஸ்தி, வைத்துக்கொள் என்றார். நன்றி சொல்வதற்குள் ஸ்கூட்டர் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. சிரிக்காத மனிதருக்கு உள்ளுக்குள் என்மேல் இவ்வளவு பிரியமா என்று நான் நெகிழ்ந்துபோனேன். மூலையில் இருந்த நீல ஒட்டைக்கூட வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். புருஷனின் கோட்டுத் துணியையும் தன் சேலையோடு சேர்த்துத் தைத்திருக்கிறாள் பாருங்கள், அதுதான் தாம்பத்தியம் என்பேன். இரண்டு பேர் கண்கூடக் கலங்கியிருக்கிறார்கள்.

சாஹேப் போன மழைக்காலத்தில் தவறிவிட்டார். சென்ற வாரம் கோலாப்பூரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். ஏழு மாதம். பிறக்கப்போகிற குழந்தையைத் தன் அம்மாவின் சேலையில்தான் முதலில் கிடத்த வேண்டும் என்று ஆசை. அம்மாவின் சேலை என்று மிஞ்சியிருப்பது இந்தக் கோதடிக்குள் இருப்பது மட்டும்தானாம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க ஆசைப்பட்டுக் கேட்டதால பாபாவால மறுக்க முடியலையாம். இப்ப திருப்பித் தர முடியுமா காகா?" என்றாள். பாபா என்றால் அப்பா; காகா என்றால் சித்தப்பா, அதாவது நான். நான் எப்போது கேட்டேன்? வாய் மட்டும் தாராளமாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டது. கேட்டதே மறந்துபோகிற அளவுக்கு எனக்கு வயதாகிவிட்டதா என்று குழம்பிக்கொண்டேதான் அதை மெஷினில் போட்டேன்.

கடையிலிருந்து திரும்பிய மனைவி என்னைத் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. நீலத் துண்டு இருந்த மூலையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். அங்கேயும் ஒரு கிழிசல். பழையது. சிவப்புச் சாயம் பச்சைச் சேலையில் இறங்கித் திட்டாகக் காய்ந்திருந்தது. ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த நூல் சாம்பல் நிறத்தில் தடியாக இருந்தது. பட்டறையில் உதிரிபாகங்களைக் கட்டுகிற நூல். தையல் ஒவ்வொன்றும் ஒரு திசைக்குப் போயிருந்தது.

"ஏனுங்க, உங்க சாஹேப்பும் மெஷின்லதான் போட்டிருக்காரு" என்றாள். "பாசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ள லீவுக்கு வாரதுக்குள்ள, நீங்க கேட்டீங்கன்னு சொல்லி, கிழிசல உங்க தலையில கட்டிட்டுப் போயிட்டாரு."

அந்த மனிதர் என்னிடம் அரம் போட்டு மறைக்காதே என்றவர். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கோதடிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். தன் மகளுக்குப் பயந்து, கோட்டைக் கிழித்து ஊசி பிடித்த சாஹேப்பை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. கீழ்க் கடைத் தையற்காரர் இந்தக் கனத்துக்குத் தன் மெஷின் ஊசி உடையும் என்று கைவிரித்துவிட்டார். மனைவி தன் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். அவள் நடுவில் தைத்தாள், நான் மூலையில் தைத்தேன். அந்த நீலத்தை எடுத்துவிட்டு அழகாக வேறு துணி வைக்கலாமே என்று அவள் சொன்னாள். மகளும் கண்டுபிடிக்கமாட்டாள், சாஹேப்பும் தப்பித்துவிடுவார். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. நீலத்தையே பழைய இடத்தில் வைத்துத் தைத்தேன். என் தையல் அவருடையதைவிட மோசம்.

ஞாயிற்றுக்கிழமை சாஹேப்பின் மகள் வந்தாள். கட்டிலில் கோதடியை விரித்து ஒவ்வொரு சேலையாகத் தடவினாள். சுங்குடித் துண்டில் அவள் கை நின்றது. மெஷினில் போட்டேன், கிழிந்துவிட்டது என்றேன். தலையாட்டினாள். பிறகு கை நீலத்துக்குப் போனது.

"இது பாபாவோட கோட்டு. இது எப்படி இங்க வந்தது? அம்மா தைக்கும்போது இது இல்லையே."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"நான்தாம்மா. வாங்கின புதுசுலயே ஒரு தடவை மெஷின்ல போட்டுட்டேன். உங்க அப்பாகிட்ட கொண்டு போய் நின்னேன். அவர்தான் கோட்டக் கிழிச்சுத் தெச்சுக் குடுத்தாரு."

"பாபாவா? பாபா தைச்சாரா?" சட்டைப் பொத்தானைக்கூட அவருக்கு அவள்தான் தைத்துக் கொடுக்க வேண்டுமாம். அவள் அந்தக் கோணல் தையலை விரலால் எண்ணுவதுபோல் தடவினாள். அதில் முக்கால்வாசி என்னுடையது என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். கோதடியை மடிக்கும்போது நீலம் மேலே வரும்படி மடித்தாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது ஈரக் கண்ணோடு சிரித்தாள். "தப்பா நினைக்காதீங்க காகா. அந்த ஆள் கையில எதையும் நம்பிக் குடுக்காதேன்னு உங்களைப் பத்தி பாபா எப்பவும் சொல்வார்."

அப்படிச் சொன்னவர்தான் வீட்டில் இருந்த ஒரே பொக்கிஷத்தை என்னிடம் கொடுத்தார். பழியைப் போட எத்தனையோ பேர் இருந்தும் என்னைத்தான் தேடி வந்தார். இதை அவமானம் என்று எடுத்துக்கொள்வதா, மரியாதை என்று எடுத்துக்கொள்வதா என்று மனைவியிடம் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.