செயலி காட்டிய மிச்சம்

பட்டுப்புடவை நெய்யும் எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் செலவுக் கணக்கு என் பொறுப்பு. வங்கிக் குறுஞ்செய்திகளைப் படித்துத் தானே வரவு செலவு எழுதும் இலவசச் செயலி ஒன்றை வைத்திருந்தேன். நாளடைவில் குறுஞ்செய்திகளை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் அது ‘மிச்சம் முப்பதாயிரம்’ என்று காட்டியது. அன்றே இருபத்திரண்டாயிரம் கட்டி ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டேன். மாலையில் அனுப்புவதாகக் கடையில் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தால் அப்பா கிளம்பி நின்றார்.

“ஜல்தி வாடா, ஜரிகை வாங்கணும். முதலாளி ஊர்ல இல்லியாம், உன் அக்கவுண்ட்டுல இருபத்தஞ்சாயிரம் போட்டுட்டாராம்.”

புடவை நெய்யக் கொடுக்கும் முதலாளி எப்போதும் ஜரிகையாகவே தருவார்; இம்முறை அவர் பணமாக அனுப்ப, செயலி அதை எங்கள் வருமானமாக எழுதியிருக்கிறது! தறியில் இருக்கும் கல்யாணப் புடவை பாதியில் நின்றால் அவர் இனி எங்களுக்கு வேலை தரமாட்டார்.

அப்பாவை ஏற்றிக்கொண்டு வண்டியை நேராக ஃபிரிட்ஜ் கடைக்கு விட்டேன். கடை வாசலில் ஃபிரிட்ஜை ஆட்டோவில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பில்லு போட்டாச்சே தம்பி, இப்ப வந்து நின்னுகினு இருக்கியே!” என்றார் கடைக்காரர்.

“அண்ணே, அது எங்க பணமே இல்லீங்க. ஜரிகைக்கு வந்ததுங்க.”

அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஏற்றுகூலி இருநூறை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட்டார்.

“தறி நின்னா, அந்தப் பொட்டிக்குள்ள இன்னாத்தடா வெப்ப?” என்றாள் அம்மா, நாங்கள் ஜரிகையோடு திரும்பி நடந்ததைச் சொன்னதும்.

இப்போது அதே செயலிதான். ஆனால் தானாக எழுதும் வசதியை நிறுத்திவிட்டேன். பணம் வந்தால், “இது யாருதுப்பா?” என்று அப்பாவைக் கேட்டுவிட்டுத்தான் வரவில் எழுதுகிறேன்.