மருமகளிடம் கொத்துச் சாவி தராத மாமியார்

"அம்மா தாயே, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். என் தம்பிக்கு ரொம்ப முடியல. அவன் வீட்டு அட்ரஸ் மட்டும் சொல்லிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று தட்டச்சு செய்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொள்கிறாள். முகமே வாடிவிட்டது. புதிதாகப் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். நான் பதறுவதில்லை, அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பழகிவிட்டது. அவளுக்குத் தம்பியே கிடையாது. காலையில் வந்து பையை வைத்த கையோடு எங்கள் சாட்பாட்டிடம் இப்படிக் கொஞ்ச நேரம் புளுகித் தள்ளினால்தான் அவளுக்கு டீ இறங்கும். எழுத்தில்தானே பேசுகிறாய், எதற்கடி மூக்கை வேறு உறிஞ்சுகிறாய் என்று கேட்டால், "மனசார அழுதாத்தான்க்கா எழுத்து சரியா வரும்" என்பாள்.

இன்றைக்கு அழுகிற அக்கா. நேற்று பார்சலை வைத்துக்கொண்டு தெருமுனையில் வழி தெரியாமல் நிற்கும் ஆள். அதற்கு முன்னால் எங்கள் மேனேஜர், அதற்கும் முன்னால் மேனேஜருக்கு மேலே உள்ளவர். மேனேஜராகப் பேசும்போது கழுத்தை நிமிர்த்தி, பேனாவால் மேசையைத் தட்டுவாள். நிஜ மேனேஜர் ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நான் இப்படியா தட்டறேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் நிறுவனம் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறது. வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்டால் பதில் சொல்லி, மெக்கானிக்கை அனுப்பிவைக்க ஒரு சாட்பாட் செய்தார்கள். விளம்பரத்தில் அதன் பெயர் தோழி. எங்களுக்கு அது மருமகள். காரணம் இவள்தான். வாடிக்கையாளர் விவரங்கள் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வது இவள் வேலை. எதைச் செய்து காட்டினாலும் ஒரு குற்றம் கண்டுபிடித்தாள்; இவளுக்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். மாமியார் வந்த பிறகு மருமகள் வராமல் இருப்பாளா? பட்டப்பெயர் காதில் விழுந்த அன்று அவள் கோபப்படவே இல்லை. "எனக்குப் பையனே இல்ல, மருமக மட்டும் வந்துட்டா பாருங்கக்கா" என்று சிரித்தாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது கணினியைப் பூட்டாமல் எழுந்து போனால், அவர்கள் பெயரிலேயே அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுவாள்: "இன்று மாலை எல்லோருக்கும் டீ, பலகாரம் என் செலவு." நானே மாட்டியிருக்கிறேன். தண்ணீர் பிடிக்கப் போய்விட்டு வருவதற்குள் மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்துக் கைதட்டுகிறது. வந்த ஆத்திரத்துக்கு அவள் காதைத் திருகியிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு நான் கணினியைப் பூட்டாமல் எழுந்ததே இல்லை.

வீட்டிலும் அப்படித்தானாம். ஒருமுறை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் கணவர் புலம்பித் தீர்த்துவிட்டார். "எல்லார் வீட்லயும் சாவிக்கொத்துன்னு ஒண்ணு இருக்கும்க்கா. எங்க வீட்ல வாசல் சாவி தனி, அலமாரி சாவி தனி, மாடி சாவி தனி. வீடு கூட்ட வர்றவங்களுக்கு வாசல் சாவி மட்டும். எனக்கு வாசலும் மாடியும்." அலமாரி சாவி ஏன் உங்களிடம் இல்லை என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. "அவருக்கு அலமாரியில என்ன வேலை?"

இந்தச் சாவி விவகாரம்தான் அலுவலகத்திலும் வெடித்தது. மருமகள் எங்கள் கட்டடத்தில் இல்லை. எங்கேயோ வாடகைக்கு எடுத்த கிளவுட் கணினிகளில் இருக்கிறாள். வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் அங்கிருந்து எங்கள் விவரக் கிடங்கைத் திறந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அவளை உருவாக்கிய டெவலப்பர் தங்கமான மனிதர். கிடங்கைத் திறக்க ஒரே சாவியாகக் கொடுத்துவிட்டார். கொத்துச் சாவி போல அது எல்லாருடைய விவரத்தையும் திறக்கும். கூடவே, ஒருவர் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லாதே என்று அறிவுரையும் எழுதிவைத்தார்.

"சாவியையும் கொடுத்துட்டு அறிவுரையும் சொல்றீங்களே சார்" என்றாள் இவள். "சாவி எப்பவும் வேலை செய்யும். அறிவுரை மூடு இருந்தாத்தான் வேலை செய்யும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இவளுக்கு எப்போதும் இதே பாட்டுதான் என்று நினைத்தேன்.

நான் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். அந்த வாரம் ஒரு பெண் கூப்பிட்டிருந்தார். வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது, மெக்கானிக் வேண்டும் என்றார். மெஷின் கணவர் பெயரில் வாங்கியது. இவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மெஷினோடு வேறு வீட்டுக்கு வந்துவிட்டார். புதிய முகவரியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவருக்கு மட்டும் தெரியவே கூடாதுங்க. தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்." ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லாத குரல் அது. இப்படி யாராவது கேட்டுக்கொண்டால் அவர்கள் விவரத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் எழுதிவைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். மெஷின் இருக்கிற கணவர் கணக்கிலேயே முகவரியைப் பதிந்து, "புதிய முகவரியைக் கணவரிடம் சொல்ல வேண்டாம்" என்று எழுதினேன். மனிதர்கள் படிப்பதற்கு அது போதும்.

டீ குடிக்கும்போது இதை அவளிடம் சொன்னேன். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நிஜ ஆட்களின் விவரத்தை வைத்து அவள் சோதனை செய்ய மாட்டாள். கற்பனையாக ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு வாஷிங் மெஷின், வழி அடையாளங்களோடு இரண்டு முகவரிகள், சிவப்பு எழுத்தில் அதே குறிப்பு என்று ஒரு குடும்பத்தையே உண்டாக்கினாள். பிறகு கணவனாக உள்ளே போனாள். அன்று எந்த நடிப்பும் இல்லை, ஒரே வரி. "என் மெஷின் ரிப்பேர், ஆள் அனுப்புங்க."

மருமகள் மரியாதையாகப் பதில் சொன்னாள்: "வணக்கம். புதிய முகவரியைக் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று ஒரு குறிப்பு உள்ளது. மெக்கானிக்கைப் பழைய வீட்டுக்கு அனுப்பவா, பூங்கா தெரு மூன்றாம் எண் வீட்டுக்கு அனுப்பவா?"

பூங்கா தெரு அவள் இட்டுக்கட்டியது. ஆனால் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசிய பெண்ணின் நிஜ முகவரியும் அதே கிடங்கில், அதே மாதிரிதான் கிடந்தது.

டெவலப்பருக்கு முகம் வெளிறிவிட்டது. "இன்னொரு வரி சேர்த்துடறேன் மேடம். குறிப்பைப் படிக்காதே, முகவரியைக் கண்டிப்பா சொல்லாதேன்னு."

"சேருங்க சார்" என்றாள். சேர்த்தார். மறுபடி கணவனாகப் போனாள். "அட்ரஸ் வேண்டாம்மா. மெக்கானிக் வழி தெரியாம சுத்தறாராம், பக்கத்துல ஏதாவது கடை இருந்தா சொல்லு." கீழ்த்தளத்தில் மருந்துக்கடை இருக்கிறது, பக்கவாட்டில் மாடிப்படி என்று வழியே சொல்லிவிட்டாள் மருமகள். "இதுக்கு மனசு நல்ல மனசு சார்" என்றாள் இவள். "இது பேர்ல தப்பே இல்ல. உதவி பண்ணத்தானே வளர்த்தீங்க? பண்ணுது. இதுகிட்ட இருக்கிற சாவிதான் தப்பு."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். விளம்பரம் எல்லாம் போயாகிவிட்டது, திங்கட்கிழமை தோழி வந்தே ஆக வேண்டும் என்றார். குரல் உயர்ந்தது, மேசையும் தட்டப்பட்டது. இவள் குரல் இம்மியும் உயரவில்லை. "வரட்டும் சார், நானா வேண்டாங்கறேன்? கொத்துச் சாவி இல்லாம வரட்டும். அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்த விளம்பரத்துல போய் மன்னிப்பு கேப்பீங்க?" கடைசியில் அவர் தள்ளிப்போடச் சொன்னார்.

அவளும் டெவலப்பரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினார்கள். மருமகளுக்கென்று சொந்தச் சாவியே கிடையாது. வாடிக்கையாளர் தன் கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்லி உள்ளே வந்தால், அவருடைய விவரத்தை மட்டும் திறக்கும் சாவி அந்த நேரத்துக்கு வரும். பேச்சு முடிந்ததும் போய்விடும். புதிய முகவரி கணவர் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு, அந்தப் பெண்ணின் பெயரில் தனிக் கணக்கானது. மெக்கானிக்குக்கு முகவரி நேராகப் போகும். வேலை முடிந்ததும் மறைந்துவிடும்.

அதோடு விட்டாளா? எங்கள் திரைகளிலிருந்தும் முகவரிகளை எடுத்துவிட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "ஏம்மா, நாங்க என்ன திருடங்களா?" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டேன்.

"இல்லக்கா. நீங்க நல்லவங்க. யாராவது அழுதா உருகிடுவீங்க" என்றாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

ஒருவழியாகத் தோழி வந்தாள். கொஞ்ச நாளில் அந்தக் கணவரும் வந்தார். மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பக்கத்தில் என்ன கடை என்று கேட்டார். மனைவிக்கு விபத்து என்றார். கடைசியில் மருமகளைக் கண்டபடி திட்டினார். அவள் கொஞ்சமும் முகம் சுளிக்காமல், உங்கள் கணக்கில் ஒரே ஒரு முகவரிதான் உள்ளது என்று அவருடைய வீட்டு முகவரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள். படித்துப் பார்த்த டெவலப்பர், "நம்ம பொண்ணு தேறிட்டா" என்றார். பொய் இல்லை, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தது நான்.

அழுதார். நிஜமாகவே அழுதார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "குழந்தை முகத்தைப் பார்க்கணுங்க. ஒரே ஒரு தடவை. நீங்களும் ஒரு தாய்தானே?" அன்று பதிந்த முகவரி எனக்கு நினைவில் இல்லை; திரையில் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தெரியாது என்று மட்டும் சொன்னேன். சட்டென்று குரல் மாறியது. "உனக்கு மேல யாருடி இருக்கா? அவங்களைக் கூப்பிடு."

அவள் நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, காதுக்கருவியை வாங்கி மாட்டிக்கொண்டாள். அவர் குரல் மறுபடி பணிவானது என் காதுக்கே எட்டியது. "மேடம், நீங்க பெரிய பொறுப்புல இருக்கறவங்க. உங்களால பார்க்க முடியும்ல?"

அவளால் முடியும். மெக்கானிக்குகளின் மேற்பார்வையாளரும் அவளும் மட்டும் எல்லா முகவரிகளையும் பார்க்கலாம் என்று ஏற்பாடு.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். என்னடி பண்ணுகிறாய் என்று அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் திறந்தது விவரக் கிடங்கை இல்லை. யார் யார் பார்க்கலாம் என்ற பக்கத்தை. அங்கே இரண்டு பெயர்கள் இருந்தன. கீழே இருந்த தன் பெயரை அழுத்தினாள். நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றாள். பக்கம் ஒருமுறை மறைந்து திரும்பி வந்தது. அதில் ஒரு பெயர்தான் இருந்தது.

ஒலிவாங்கியை வாயருகே இழுத்தாள். "இல்லைங்க. வாடிக்கையாளர் அட்ரஸ் எதையும் என்னால பார்க்க முடியாது."