துளசிக்கு ஒரு ட்யூப்லைட்

எழுபதுகளின் நடுவில், பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் என் வேலையே வெளிச்சத்துக்குக் கணக்குப் போடுவதுதான். எந்த ஆபீஸுக்கு எத்தனை விளக்கு, எவ்வளவு உயரத்தில் என்று படம் வரைந்து கொடுப்பேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதை இறக்கி வைத்தது என் வீட்டு ஹாலில் இருந்த ஒரு துளசிச் செடி.

அங்கே குதைபியா பகுதியில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். மனைவி திருச்சியிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கைக்குட்டை முனையில் முடிந்து கொண்டுவந்த துளசி விதையைத் தொட்டியில் தூவினாள். முளைத்ததும் மொட்டை மாடியில் வைத்தோம். ஜூன் மாத வெயிலும் அனல் காற்றும் இரண்டே நாளில் எல்லாவற்றையும் தீய்த்துவிட்டன. மிஞ்சியது ஒரே ஒரு கன்று. அதை ஹாலுக்குக் கொண்டுவந்தால், இருக்கிற ஒரே ஜன்னலை ஏ.சி. பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இந்த வீட்ல ஒரு துளசிகூடத் தங்கலன்னா, நான் மட்டும் தங்கி என்ன பண்றது? கார்த்திகை வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள செடி வரலன்னா எனக்கு டிக்கெட் போட்டுடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். கல்யாணமாகியும் மூன்று வருஷம் இங்கே தனியாகப் பொங்கித் தின்றவன் நான். மறுபடி அந்தப் பிழைப்புக்குப் போக என்னிடம் தெம்பில்லை.

வெளிச்சம்தானே, நம்ம தொழில்தானே என்று கூரையில் இரட்டை ட்யூப்லைட் மாட்டினேன். ஆபீஸிலிருந்து வெளிச்சம் அளக்கும் மீட்டரை எடுத்துவந்து அளந்தேன். ஒரு குமாஸ்தாவின் மேஜைக்கு வேண்டிய வெளிச்சத்துக்கு மேலேயே இருந்தது. செடியோ வெளிறிப்போய், ஒட்டடைக் குச்சி மாதிரி நீண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சரி, போதவில்லை போலிருக்கிறது என்று இருநூறு வாட் குண்டு பல்பை அதன் தலைக்கு மேலேயே தொங்கவிட்டேன். மறுநாள் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் நுனியெல்லாம் கருகியிருந்தது. அவள் கருகிய இலைகளைக் கிள்ளித் தொட்டிக்குள்ளேயே போட்டாள். அதற்குப் பதில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் சைட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். அங்கே வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ராமநாதபுரத்துக்காரர், என் வயசுதான். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேட்டார். வெட்கத்தை விட்டு எல்லாம் சொன்னேன், மீட்டர் கணக்கு உள்பட. அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"செடி என்ன சார், பேப்பரா படிக்கப் போகுது?"

சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது. மனுஷக் கண்ணுக்கே கணக்குப் போட்டுப் பழகியவன், துளசிக்கும் அதே கணக்கைப் போட்டிருக்கிறேன்! தொழிலாளர் கேம்ப்பில், வெயில் படாத குழாயடியில் தாழ மாட்டிய ட்யூப்லைட்டை ஒட்டி மட்டும் புல் பச்சையாக நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். பல்புதான் சுடும், ட்யூப் அவ்வளவு சுடாது, அதையே செடிக்கு ஒரு சாண் மேலே இறக்கிக் கட்டுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை லீவில் அவரே வீட்டுக்கு வந்தார். சுவரோரமாக மாட்டிவிடலாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தபோது, "அப்ப நான் எப்படிச் சுத்தி வர்றது?" என்றாள் மனைவி. நியாயம்தான். துளசியைச் சுற்றி வர வேண்டாமா? ஆகவே ஹாலின் நட்டநடுவில் ஸ்டூல், அதன்மேல் தொட்டி, ஃபேனைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியிலிருந்து சங்கிலியில் இரண்டு ட்யூப். சோபா சுவரோடு ஒண்டிக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் ஒருதடவை தலையை இடித்துக்கொண்டார்கள், நான் தினமும் இடித்துக்கொண்டேன். விடிந்ததும் விளக்கைப் போடுவது என் வேலை. சாயங்காலம் அகல் ஏற்றியதும் அவள் ட்யூபை அணைத்துவிடுவாள். அதற்குமேல் துளசியைத் தொடக் கூடாது.

பத்தே நாளில் கணுவுக்குக் கணு புதுத் துளிர். செடி உயர உயரச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக ஏற்றினேன். ஐப்பசியில் கதிர் விட்டது. ஹாலுக்குள் நுழைந்தாலே வாசனை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கட்டடத்துக்கும் விளக்குப் போட்டதில்லை.

கார்த்திகை பிறந்தது. டிக்கெட் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுத்துவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். துளசி பூஜை அன்று அகல் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, ட்யூபை அணைக்கப் போனவள் ஸ்விட்சுப் பக்கத்தில் நின்றாள்.

"சமையக்கட்டுலயும் இதுமாதிரி ஒண்ணு மாட்டித் தாங்க. கறிவேப்பிலை வைக்கணும்."

அது லேசில் வராதே என்றேன்.

"தெரியும். கைநிறையப் பறிக்க மூணு வருஷமாவது ஆகும்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அகல் வெளிச்சத்திலேயே டேப்பை எடுத்துக்கொண்டு சமையலறையை அளக்கப் போனேன்.