இடது திரை கொஞ்சம் தாமதம்

என் வீட்டுக்காரர் அமரர் ஊர்தி ஓட்டுகிறார். பின்னால் நடந்து வருகிறவர்களுக்கு மூச்சு வாங்காதபடி ஓட்டத் தெரிவதுதான் அந்த வேலைக்கு முதல் தகுதி. இரண்டாவது கியரைத் தாண்டி எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே ஞாபகமில்லை. பின்னால் யார் அவசரமாக வந்தாலும் ஒதுங்கி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போங்க போங்க என்று வழிவிடுவார். உள்ளே இருப்பவர் எந்த வேலைக்குப் பிந்தப் போகிறார் என்று கேட்பார்.

என்னை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனாலும் இதே கதைதான். ஒருமுறை தள்ளுவண்டிக்காரர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விளையாடும் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவன் என் தம்பி. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை தன் லேப்டாப்போடு வந்து உட்காருவான். இரண்டு பேரும் ஒரே பந்தயத்தில் ஓட்டுவார்கள். இவர் தோற்பார். பின்னாடி யாரையாவது படுக்க வைத்திருக்கிறீர்களா அத்தான் என்று தம்பி கேட்பான். இவரும் சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி. ஒரே ஒரு தடவை அவனை ஜெயித்துவிட வேண்டும் என்பது இவருடைய ஆசை. அது எனக்கு மட்டும் தெரியும்.

ஒற்றைத் திரையில் பக்கவாட்டில் வருகிறவன் தெரியவில்லை, அதனால்தான் தோற்கிறேன் என்று தானே முடிவு கட்டினார். மூன்று திரைகளை வாங்கி வந்து வரிசையாக நிறுத்தினார். எங்கே? எங்கள் சாப்பாட்டு மேசையில். அன்றிலிருந்து நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம், கட்டிலில் எறும்புகள் சாப்பிட்டன.

அதோடு விட்டதா? திரைக்குப் படம் வரைந்து அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. இவருடைய கார்டில் இரண்டு திரைக்குத்தான் இடம். தம்பி கடையில் கழித்துக் கட்டிய பழைய கார்டு ஒன்றை வாங்கி வந்து பக்கத்தில் சொருகி, இடது திரையை அதில் மாட்டினார். அங்கே பிடித்தது சனி. வேறொரு கார்டில் தொங்கும் திரையை அந்த விளையாட்டு தன் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்கவில்லை. இரண்டு திரையில் இவர் கார் பறக்கும். மூன்றாவதில் எங்கள் கல்யாணப் போட்டோ, அதில் நான் அவரை முறைத்துக்கொண்டிருப்பேன். ஒரு கார்டுக்கு ஏற்ற மென்பொருளைப் போட்டால் மற்றது படுத்துவிடும். அதை எழுப்பினால் இது படுத்துவிடும். மனுஷன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் கணக்கில் மல்லுக்கட்டினார்.

கடைசியில் விளையாட்டை ஒரு பெரிய ஜன்னல் மாதிரி மூன்று திரையிலும் இழுத்து விரித்தார். படம் வந்தது. ஆனால் இவருடைய கார்டு வரைந்ததைப் பழைய கார்டு வாங்கி, ஆற அமரத்தான் காட்டியது. நடுத் திரையில் கார் வளைவைத் தாண்டி நிமிர்ந்துவிடும், இடது திரை அப்போதுதான் திரும்பும். சூடு ஏற ஏற இன்னும் மோசம். மூன்று திரைக்கும் இடமுள்ள ஒரே கார்டாக மாற்றச் சொல்லித் தம்பி தலையால் அடித்துக்கொண்டான். காத்திருந்து பழகியவன் நான், அது வரும்போது வரட்டும் என்றார் இவர்.

எறும்பு என் காதுக்குள் போன அன்றைக்கு நான் பொங்கிவிட்டேன். வருகிற ஞாயிறு கடைசிப் பந்தயம். ஜெயித்தால் மேசை உங்களுக்கு, தோற்றால் எனக்கு, தீர்ப்பு சொல்லப்போவது நான் என்று அறிவித்தேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தம்பி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினான்.

ஞாயிறு வந்தது. மேசை துடைக்கும் துணியைத் தயாராகத் தோளில் போட்டுக்கொண்டு இடது திரைக்குப் பக்கத்தில் நின்றேன். தம்பி மேசைக் கோடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தான். பந்தயம் ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார் பாருங்கள், கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு வேகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. கடைசிச் சுற்றில் அவர்தான் முன்னால். தம்பியின் முகம் தொங்கிவிட்டது.

கடைசி வளைவில் அவரை முந்தப் பார்த்த தம்பி சுவரில் மோதிக் கவிழ்ந்தான். லேப்டாப்பில் அவன் கார் தலைகீழாகக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். இடது திரைக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. அதிலிருந்த பக்கக் கண்ணாடியில் தம்பி இன்னும் பாய்ந்து வந்துகொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். பிரேக்கைப் போட்டு ஒதுங்கி, போ போ என்று கையையும் காட்டினார்.

யாரும் போகவில்லை. அதற்குள் விளையாட்டே தம்பியின் காரை நிமிர்த்திச் சாலையில் வைத்துவிட்டது. அவன் இடது பக்கமாக வந்து, சும்மா நின்றவரைத் தாண்டிக் கோட்டைக் கடந்தான். அதே நேரத்தில் பழைய கார்டு சூடு தாங்காமல் நின்றுபோக, இடது திரை அப்படியே உறைந்தது.

"ஏன் அத்தான் நின்னீங்க? நான் அப்பவே கவுந்துட்டேனே."

"வேகமா வந்தியேப்பா. இடிச்சுக்குவியோன்னு பயந்துட்டேன்."

"விளையாட்டுல இடிச்சா எனக்கு என்ன ஆகப்போகுது?"

அவர் எழுந்து, முதல் திரையின் வயரைக் கழற்றப் போனார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. செத்தவனுக்கும் வழிவிடுகிற இந்த மனிதருக்கு வேறு யார் வழிவிடுவார்கள்?

கையை எடுங்கள், இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை என்றேன். உறைந்து நின்ற திரையைத் தம்பிக்குக் காட்டினேன்.

"கண்ணாடியைப் பாருடா. நீ இன்னும் பின்னாலதான் வர்ற."

"அக்கா, அது பழைய படம். அந்தத் திரை நின்னுபோச்சு."

"நான் நிக்கிற இடத்துல இருந்து பாத்தா அவர்தான் முன்னால. மேசை அவருக்கு."

தம்பி வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். என் வீட்டுக்காரர் பாதி கழற்றிய வயரைத் திரும்ப மாட்டினார்.

அன்றைக்கும் கட்டிலில்தான் சாப்பாடு. தம்பி தட்டை ஏந்திக்கொண்டு உட்கார இடம் தேடினான். என் வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டி நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.