மதல்காரின் இடது கை

என் புருஷன் மதல்காருக்கு இடது கையின் நடுவிரல் முழுசாக இல்லை. பத்தொன்பது வயதில், அவர் ஓட்டும் மாவாலைச் சக்கரத்தில் சிக்கி நுனி போய்விட்டது. நகமும் இல்லை, கடைசிக் கணுவும் இல்லை. அந்தத் துண்டு விரல் எங்கள் மாஸ் நதிக்கரையையே இப்படிக் கலக்கி அடிக்கும் என்று யார் கண்டது? எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. முடிந்த வரைக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

மதல்காரின் அம்மா பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள். அந்த வீட்டில் காடு, குதிரை, பன்றி எதற்கும் குறையில்லை. பெயருக்குத்தான் பஞ்சம். ஆண் பிறந்தால் ஹுக்பெர்ட், இல்லாவிட்டால் கோஸ்பெர்ட். பெண் பிறந்தால் ரோட்லிண்ட் அல்லது கெர்லிண்ட். கூடத்தில் ஒரே நேரத்தில் மூன்று ஹுக்பெர்ட் உட்கார்ந்து பன்றிக்கறி தின்பார்கள். யார் யாருக்கு மகன் என்று அவர்களுக்கே குழப்பம் வரும். மதல்காருக்கு மட்டும் வராது. அம்மா தாலாட்டில் பாடிய பிரபு வீட்டுப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் அவர் தலைக்குள் அப்படியே இருந்தன. அதனால் கல்யாணப் பேச்சு எடுத்த எல்லோரும் முதலில் ஆலைக்குத்தான் வந்தார்கள்.

எங்கள் பக்கம் உறவைக் கையில் எண்ணுவோம். இரண்டு பேருக்கும் பொதுவான மூதாதை தலை. அவருடைய பிள்ளைகள் கழுத்து. அதற்குக் கீழே தலைமுறைக்கு ஓர் இடம்: தோள், முழங்கை, மணிக்கட்டு, நடுவிரலின் மூன்று கணு, கடைசியில் நகம். அதுவரை உறவு, கல்யாணம் கூடாது. நகம் தாண்டினால் கட்டிக்கொள்ளலாம். மதல்கார் வலது கையால் இடது கையைத் தொட்டுத் தொட்டுப் பெயர்களைச் சொல்லுவார். கை முடிந்த பிறகு பெயர் விழுந்தால், "தாண்டிடுச்சு, போய் பீர் காய்ச்சுங்க" என்பார். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது. எங்கள் இரண்டு பேரையும் அவரேதான் எண்ணினார். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு எண்ணினார். என் பெயர் விரலைத் தாண்டி விழுந்ததும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

போன அறுவடை முடிந்ததும் எங்கள் பிரபு ஹுக்பெர்ட் தன் மகள் ரோட்லிண்டை அக்கரை கோஸ்பெர்டுக்குக் கொடுக்க முடிவு பண்ணினார். இக்கரையும் அக்கரையும் நெடுநாளாகப் பெருமைச் சண்டை போட்ட வீடுகள். எப்போதோ செத்துப்போன மூதாதை அதல்ஹெல்மின் மகள், முடியே வெட்டாமல் ஆண்ட பழைய நீளமுடி ராஜா ஒருவருக்குப் பிள்ளை பெற்றவளாம். அதனால் அதல்ஹெல்ம் எங்கள் பாட்டன் என்று இவர்கள் மார் தட்டுவார்கள், எங்கள் பாட்டன் என்று அவர்கள் தட்டுவார்கள். அந்த ராஜாக்களின் தலையை மழித்து மடத்துக்கு அனுப்பி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இவர்களின் பெருமையை மட்டும் யாரும் மழிக்கவில்லை. இப்போது பாருங்கள் கூத்தை: ஒரே பாட்டன் என்று இத்தனை நாள் கத்தியவர்கள், கல்யாணம் என்றதும் அந்தப் பாட்டன் கொஞ்சம் தூரத்தில் இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

பழைய பாதிரியார் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆயர் புதிதாக வுல்ஃப்ராம் என்ற ஒருவரை அனுப்பியிருந்தார். சின்ன வயது, பெரிய விறைப்பு. கல்யாணத்தன்று காலையில், கோயில் நிறைய ஆட்கள் இருக்கும்போது, மதல்காரை முன்னால் கூப்பிட்டு எண்ணச் சொன்னார்.

மதல்கார் தலையில் கை வைத்து அதல்ஹெல்ம் என்றார். கழுத்தில் ஹுக்பெர்ட், கோஸ்பெர்ட், அண்ணன் தம்பி. தோளில் அவர்களின் பிள்ளைகள். முழங்கை, மணிக்கட்டு, ஒரு கணு, இரண்டு கணு என்று சரளமாக இறங்கினார். பாதிரியாரும் கூடவே தன் கையைத் தொட்டுக்கொண்டு வந்தார். மதல்கார் துண்டு விரலைத் தாண்டிக் காற்றில் விரலை வைத்து, "அப்புறந்தான் நம்ம ரோட்லிண்டும் கோஸ்பெர்டும். தாண்டிடுச்சு, சாமி" என்றார்.

பாதிரியார் தன் நடுவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு இன்னும் தாண்டலையே. கடைசிக் கணுவுலதானே நிக்குது? அதுக்குக் கீழ நகம் வேற இருக்கு."

"அதெப்படிங்க சாமி? எனக்கு முடிஞ்சுபோச்சே."

"உன் கையக் காட்டு."

மதல்கார் காட்டினார். பாதிரியார் ஒரு முறை பார்த்தார், மறுபடி பார்த்தார். "எத்தனை வருஷமா இந்தக் கையில எண்ணுறே?"

"இருபத்திரண்டு வருஷமா, சாமி" என்றார் மதல்கார். கோயிலில் இருந்த புருஷன் பெண்டாட்டி எல்லோரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பீர் காய்ச்சும் இம்மாதான் முதலில் கத்தினாள். "அப்போ இந்தக் குடிகாரன் எனக்குப் புருஷன் இல்லையா சாமி? இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!" சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயிலுக்குப் பின்னால் மண்ணில் கிடக்கும் எங்கள் இரண்டு பிள்ளைகளின் ஞாபகம்தான் வந்தது. உறவுக்குள் கட்டினால் பிள்ளை தங்காது என்று சொல்லுவார்களே, அதுதான் இதுவா? இருபது வருஷமாக நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்? புருஷனோடா, சொந்தக்காரனோடா? யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

"தோள்லேருந்து நகம் வரைக்கும் ஏழு இடம். அதுக்குள்ள இருந்தா பிரிக்கணும். அதுதான் விதி" என்றார் பாதிரியார்.

பிரபு எழுந்தார். "பிரிங்க. இந்த ஊரையே பிரிங்க. யாரு ஏர் ஓட்டுவான், யாரு பன்னி மேய்ப்பான், அதையும் சொல்லிட்டுப் பிரிங்க. எங்க அப்பா காலத்துலேருந்து இங்க மதல்கார் கைதான் கை."

"அந்தக் கையில ரெண்டு இடம் குறையுதுய்யா!"

"உங்க கையில ரெண்டு கூட இருக்குன்னு நான் சொல்றேன்."

பாதிரியார் முகம் சிவந்தது. புனிதரின் எலும்பு இருக்கும் பெட்டியை எடுத்து மதல்காரின் முன்னால் வைத்தார். "இதைத் தொட்டுச் சத்தியமாச் சொல்லு. தாண்டிச்சா, தாண்டலையா?"

மதல்கார் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நான் என்ன ஜாடை காட்டுவது? காட்டத்தான் நினைத்தேன், எதைக் காட்டுவதென்று புரியாமல் அப்படியே நின்றேன். அவர் இடது கையைப் பெட்டிமேல் வைத்தார்.

"சாமி, எனக்கு ஒண்ணும் புரியல. என் கை இங்க முடிஞ்சுபோச்சு. அவ்வளவுதான் சத்தியமாச் சொல்ல முடியும்."

"கேட்டீங்களா? முடிஞ்சுபோச்சு" என்று பிரபு கையைத் தட்டினார். வெளியே பிரபுவின் குதிரைக்காரர்கள் தடியோடு நின்றார்கள். பாதிரியார் ஆயருக்கு எழுதுவேன் என்று முணுமுணுத்துக்கொண்டே மணமக்களை ஆசீர்வதித்தார். விருந்தில் இரண்டு பன்றி காலி. இம்மா தன் குடிகாரனோடே வீட்டுக்குப் போனாள்.

நாங்கள் மதியமே கிளம்பிவிட்டோம். ஆற்றோரம் நடந்து வந்தோம். ஆலை மதகுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் நின்றார்.

"தெயுத்லிண்ட், நம்ம ரெண்டு பேரையும் இன்னொரு வாட்டி எண்ணிட்டேன்."

"எப்போ?"

"இப்போதான். நடந்து வரும்போது."

"என்ன வந்துச்சு?"

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தாண்டிடுச்சு."

எந்தக் கையில் எண்ணினீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. விரல் எல்லாம் முழுசாக இருக்கும் அவருடைய வலது கையைப் பிடித்தேன். விரல்களை இறுக்கி மடக்கி வைத்திருந்தார். நான் பிரிக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.