தோர்ஜ்பலாமின் மெத்தை ஜீப்

எங்கள் கோபிப் பாலைவனப் பக்கம் ஜீப்பில் ஏறுபவர்கள் பாடியே ஆக வேண்டும். ஓட்டுபவன் தூங்காமலிருக்க அதுதான் வழி. தோர்ஜ்பலாமின் பழைய ரஷ்ய ஜீப்பில் பாட்டுக்கு நடுவே, கூரையில் தலை இடித்த அலறலும் கேட்கும்.

"உன் வண்டியில ஏறினா மண்டையில கொம்பு முளைக்குதுய்யா" என்றாள் அவன் மனைவி யஞ்சிமா.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்கத் தானே உட்கார்ந்து, கூரையிலும் கதவுகளிலும் கம்பளி ஒட்டினான். இருக்கைகளைப் பிரித்து ஒட்டக ரோமம் திணித்துத் தைத்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். உழைக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

வசந்தத்தில் முதல் பயணம் போனோம். தலை இடிக்கவும் இல்லை, இரைச்சலும் இல்லை. முதல் பாட்டு முடிவதற்குள் யஞ்சிமா உட்பட எல்லோரும் தூங்கிவிட்டோம். விழித்தபோது ஜீப் ஒரு புதரில் முட்டி நின்றிருந்தது. ஜன்னல் வழியே ஓர் ஒட்டகம் எட்டிப் பார்த்தது. தோர்ஜ்பலாம் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

யஞ்சிமா அவனைத் திட்டவில்லை. கத்தியால் தன் இருக்கையின் தையலை மட்டும் அறுத்து, ரோமத்தை உருவிப் போட்டுவிட்டு, வெறும் கம்பிமேல் உட்கார்ந்தாள்.

"மெத்தை அருமைய்யா. ஆனா ஒருத்தராவது முழிச்சிருக்கணும்ல? நீ ஓட்டு, நான் பாடுறேன்."