வெள்ளிக்கிழமை ஒருசந்தி

என் மனைவி பிலோமினாவின் சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தச் சொன்னவன் நான். மருத்துவர் கேட்டபோது அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தேன். சிறுமலை அடிவாரத்துக் களாப்பழச் சாறுகளில் நீரிழிவுக்கு உதவும் சேர்மம் உண்டா என்று பல ஆண்டுகள் தேடினேன். ஒரு சாறு ஆல்பா குளூக்கோசிடேஸை (மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி) சோதனைக் குழாயில் நன்றாகவே தடுத்தது. குழாயில் தடுப்பது தொடக்கம் மட்டுமே என்று மாணவர்களுக்குச் சொன்னவனும் நானே.

ஓய்வு பெற்றபின் பொறுமை போய்விட்டது. வீட்டிலேயே சாற்றை உலர்த்திப் பொடியாக்கினேன். அதைப் பிலோமினாவுக்கு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதனால் நிறுத்தச் சொன்னேன். அவள் மறுபேச்சில்லாமல் நிறுத்தினாள்.

சனிக்கிழமை காலைகளில் வெறும் வயிற்றில் அவள் விரலைக் குத்தி அளப்பேன். அளவு இறங்கிக்கொண்டே வந்தது. வரைபடத்தை அவளிடம் காட்டி மகிழ்ந்தேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் அவள் சாப்பிடுவதில்லை. ஒருசந்தி (கத்தோலிக்கர் ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு) என்பாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிந்த பிறகும் ஏன் என்று நான் கேட்கவில்லை.

செருப்பு கடித்துக் கால் கட்டைவிரலில் புண் வந்தது. வலிக்கவில்லை என்றாள். நரம்பு மரத்துப்போனால் வலிக்காது. அது நல்ல அறிகுறியல்ல. பாதம் கறுத்த பிறகே மருத்துவமனைக்குப் போனோம். ஹெச்பிஏ1சி (மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரி) மிக அதிகமாக இருந்தது.

“மாத்திரைய எப்பம்மா நிறுத்துனீங்க?” என்றார் மருத்துவர்.

“நானாத்தான் விட்டுட்டேன் டாக்டர். இவுகளுக்குத் தெரியாது.”

கேங்ரீன் (இரத்த ஓட்டமின்றித் திசு அழுகுதல்) என்றார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

வார்டில் அவள் பேசத் தொடங்கியதும், சனிக்கிழமைகளில் மட்டும் அளவு எப்படிக் குறைந்தது என்று கேட்டேன். சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “அந்தக் கோடு இறங்குனா நீங்க அம்புட்டு சந்தோசப்பட்டீக. அதான் வியாழக்கிழமையிலருந்தே வயித்தக் கட்டுனேன்.”

மற்ற நாட்களின் இரத்தத்தை நான் பார்க்கவேயில்லை.

மருத்துவரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “இத அன்னைக்கே சொல்லிருக்கணும் சார்” என்றார். அவரது அனுமதியோடு, சர்க்கரை நோய்ப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களிடம் என் கதையைச் சொல்கிறேன். எந்தப் பொடியை உண்பதானாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்த ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தப் பொடி மிச்சம் இருக்கிறதா என்று மெதுவாக விசாரித்தார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஹெச்பிஏ1சி சோதனைதான் எங்கள் நாட்காட்டி. இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்கிறாள். அவள் காட்டும் இடத்தில் போர்வையைத் தேய்த்துவிடுகிறேன். சிலசமயம் அரிப்பு நிற்கிறதாம்.

போன வெள்ளிக்கிழமை இரவு, அடுப்படியில் நின்றபடி மன்னிப்புக் கேட்டேன். சக்கர நாற்காலியில் தட்டை மடியில் வைத்திருந்தாள்.

“இப்பத்தான் வெள்ளிக்கிழமையும் வயிறாரச் சாப்புடுறேன்” என்றாள். “தோசை கருகுது. திருப்பிப் போடுங்க.”

திருப்பிப் போட்டேன்.